குற்றத்தின் கோட்டுப்படம்: சமூக வலையமைப்புப் பகுப்பாய்வு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

1990 முதல் 1994 வரை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் துப்பாக்கியாலோ கத்தியாலோ கொல்லப்பட்ட, 21 வயதைத் தாண்டாத பிள்ளைகள் 155 பேர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கென்னடி, ஆன்டனி பிராகா, ஆன் பீல் மூவரும் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனார்கள். ரோந்து போலீஸ்காரர்கள், நன்னடத்தை அதிகாரிகள், தெருவில் பையன்களோடு பழகும் களப்பணியாளர்கள் என்று விவரம் தெரிந்தவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு சாவாகக் கேட்டார்கள். இவனை யார் கொன்றது, எதற்காக, இவன் எந்தக் கோஷ்டி, அந்தக் கோஷ்டிக்கு யாரோடு முன்விரோதம், யாரோடு சிநேகம். கேட்டதை எல்லாம் காகிதத்தில் கோடு கோடாக இழுத்தார்கள்.

படம் முடிந்தபோது 61 கோஷ்டிகள், சுமார் 1,300 இளைஞர்கள் இருந்தார்கள். நகரத்தின் அந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்குக்கூட வராது. ஆனால் இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் இந்தக் கோஷ்டிகளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கொன்றவர்கள், செத்தவர்கள் என்று இரண்டு பட்டியலிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் அதற்கு முன்பே ஏதாவது ஒரு வழக்கில் கோர்ட்டில் நின்றவர்கள். அதாவது கொல்பவனும் சாகிறவனும் ஒரே வலையில் இருந்தார்கள், நேற்றுச் சுட்டவன் நாளைக்குச் சுடப்படப் போகிறவன்.

இந்த வேலைக்குப் பெயர்தான் சமூக வலையமைப்புப் பகுப்பாய்வு. பெயரைக் கேட்டதும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று நினைத்துவிட வேண்டாம், அவையெல்லாம் வருவதற்குப் பல காலம் முன்பே இது இருக்கிறது. 1932-ல் நியூயார்க் மாகாணத்தின் ஹட்சன் என்ற ஊரில், பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ யாருக்கு யார் சிநேகிதி என்று கோடு போட்டுப் பார்த்தார். ஓடிப்போன பெண்களின் குணத்தை எவ்வளவு அலசினாலும் கிடைக்காத விளக்கம், அந்த நட்பு வலையில் அவர்கள் இருந்த இடத்தைப் பார்த்ததும் கிடைத்தது. ஆட்கள் புள்ளி, அவர்களுக்கு நடுவே உள்ள உறவு கோடு. அடிப்படை இவ்வளவுதான்.

காவல்துறையில் தரவு பார்ப்பவர்கள், குற்றவியல் மாணவர்கள், இளைஞர்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தார், குற்றச் செய்தி எழுதும் நிருபர்கள் எல்லாருக்கும் இது உதவும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தை வைத்து ஆபத்தில் இருப்பவனைக் காப்பாற்றவும் முடியும், ஒரு தப்பும் செய்யாதவனைச் சந்தேகத்தில் சிக்கவைக்கவும் முடியும். இரண்டும் நடந்திருக்கின்றன, இரண்டையும் கீழே சொல்கிறேன்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"இந்த ஊரில் குற்றம் ஏன் அதிகம்?" என்று ஆரம்பித்தால் படம் சிலந்தி வலையாகிவிடும், எதுவும் தெரியாது. பாஸ்டனில் கேள்வி இளைஞர் கொலை, அதிலும் துப்பாக்கி. உங்கள் கேள்வியும் அப்படி ஒரு வரியில் அடங்க வேண்டும்: "இந்த நான்கு பகுதிகளில் கடந்த மூன்று வருடத்தில் நடந்த பழிக்குப் பழிக் கொலைகள் யார் யாருக்கு நடுவில் ஓடுகின்றன?"

எல்லாக் குற்றத்துக்கும் இந்த முறை பொருந்தாது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு வலை வரைந்து பயனில்லை. பூட்டிய வீடுகளில் திருட்டு என்றால் முதலில் இடத்தையும் நேரத்தையும் வரைபடத்தில் பாருங்கள், ஆட்களின் வலை அப்புறம். பழிக்குப் பழி, போதைப்பொருள் கடத்தல், ஆள் கடத்தல், கூட்டாகச் செய்யும் மோசடி ஆகியவைதான் இதற்கு ஏற்றவை, ஏனென்றால் இவற்றில் ஒருவன் செய்வது இன்னொருவனைப் பொறுத்திருக்கிறது.

படி 2: எது கோடு என்று முடிவு செய்யுங்கள்

புள்ளியைப் பற்றிப் பெரிய குழப்பம் வராது, பெரும்பாலும் ஆள், சில சமயம் பாஸ்டன் மாதிரி ஒரு கோஷ்டி. குழப்பம் எல்லாம் கோட்டில்தான். ஒரே வழக்கில் சேர்ந்து கைதானார்கள் என்பது ஒரு கோடு. முன்விரோதம் வேறு கோடு, பணம் கைமாறியது வேறு, போனில் பேசியது வேறு. எல்லாவற்றையும் ஒரே கோடாகப் போட்டுவிட்டு "இருவருக்கும் தொடர்பு உண்டு" என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே கிடையாது, ஏனென்றால் உயிர் நண்பனும் உயிரெடுக்க அலைபவனும் அதில் ஒன்றாகிவிடுகிறார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் வகை, தேதி, எங்கிருந்து வந்த தகவல் என்று மூன்று குறிப்பு கட்டாயம் வேண்டும்.

அண்ணன் தம்பி, மாமன் மச்சான், ஒரே தெரு, ஒரே சாதி என்பதற்காக ஒருபோதும் கோடு போடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருவன் யார் வீட்டில் பிறந்தான் என்பது அவன் செய்த காரியம் கிடையாது, அதைக் கோடாக்கிய நிமிடமே உங்கள் படம் ஒரு குடும்பத்தையோ ஒரு தெருவையோ குற்றவாளி ஆக்கிவிடும். செய்த காரியத்தை மட்டும் கோடாக்குங்கள்.

படி 3: தரவு எங்கிருந்து வருகிறது, அது எதைக் காட்டாது

சிகாகோவில் ஆய்வாளர்கள் கைது ஆவணங்களை எடுத்தார்கள். பாஸ்டனில் பின்னால் நடந்த இன்னொரு ஆய்வில், போலீசார் தெருவில் ஆட்களை நிறுத்திப் பேசும்போது எழுதும் குறிப்பு அட்டைகளை எடுத்தார்கள். கனடாவின் மாண்ட்ரியலில் ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சு. மூன்றும் மூன்று ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம்தான் தெரியும். போலீஸ் எந்தத் தெருவில் அதிகம் சுற்றுகிறதோ அங்கேதான் கைது அதிகம், அங்கேதான் கோடும் அடர்த்தி. போலீஸ் போகாத பங்களா வீதியில் கோடு இல்லை என்றால் அங்கே குற்றம் இல்லை என்று பொருள் ஆகாது.

குற்ற வலைகளை ஆராய்ந்த மால்கம் ஸ்பாரோ 1991-லேயே இதை எழுதினார். குற்ற வலைகளில் தகவல் எப்போதும் அரைகுறை, எல்லை எங்கே முடிகிறது என்று தெளிவாகத் தெரியாது, வலை நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும். இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால்கூடத் தப்பில்லை.

பழக வேண்டும் என்றால் நிஜ ஆட்களின் ஆவணத்தில் கை வைக்காதீர்கள். மேலே சொன்ன மாண்ட்ரியல் போதைப்பொருள் கடத்தல் வழக்கின் தரவு, 'கேவியர்' என்ற பெயரில், ஆட்களுக்கு எண் மட்டும் போட்டு, ஆய்வாளர்களுக்காக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் கை பழகிவிட்டு வாருங்கள்.

படி 4: அட்டவணை

எக்ஸெல் போதும். முதல் அட்டவணையில் ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் வழக்கு. அதிலிருந்து இரண்டாவது அட்டவணை: ஒரே வழக்கில் இருந்த ஆட்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்ப்பது. ஒவ்வொரு வரியும் ஒரு கோடு.

நிறைய நேரம் பெயரில்தான் போகும். "மணி (எ) மணிகண்டன்" ஒரு வழக்கில், "குட்டி மணி" இன்னொன்றில், இன்னொரு நிலையத்தில் இன்ஷியல் இல்லாமல் வெறும் "மணிகண்டன்". மூன்றும் ஒரே ஆளா, மூன்று ஆளா? இதில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். ஒரே ஆளைப் பிரித்துவிட்டால் வலை அறுந்து கிடக்கும். வேறு வேறு ஆட்களை ஒன்றாக்கிவிட்டால் எங்கோ டீக்கடை வைத்திருக்கிற ஒரு மணிகண்டன் திடீரென்று வலையின் நடு மையத்துக்கு வந்துவிடுவார். தகப்பன் பெயர், பிறந்த வருடம், முகவரி மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் இணைக்காதீர்கள். இணைத்தபின் பெயரை எடுத்துவிட்டு எண் போடுங்கள், பெயருக்கும் எண்ணுக்குமான பட்டியல் தனியாக, பூட்டு போட்டு, ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு வழக்கில் 4 பேர் என்றால் 6 கோடு. 10 பேர் என்றால் 45. ஒரு மறியலில் 30 பேரைக் கைது செய்திருந்தால் 435 கோடு! அந்த ஒரு நாள் மறியல் உங்கள் படத்தையே விழுங்கிவிடும். இப்படிப்பட்ட கூட்டக் கைதுகளை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள். அதே மாதிரி, பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு கைதை நேற்று நடந்ததுபோலப் பாவிக்கக் கூடாது, ஒரு கால வரம்பு வைத்து அதற்கு முந்தையதை விட்டுவிடுங்கள்.

படி 5: வரைந்து, அளந்து பாருங்கள்

கெஃபி என்ற மென்பொருள் இலவசம். அட்டவணையில் சோர்ஸ், டார்கெட் என்று இரண்டு தலைப்புகள் (ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்) வைத்து சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து உள்ளே இழுங்கள், கேட்கும்போது 'திசையில்லாத வலை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபோர்ஸ் அட்லஸ் 2 என்ற அமைப்பை ஓடவிட்டால் நெருக்கமான ஆட்கள் தானாகக் கொத்தாகச் சேர்வார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ், ஆர் மொழியில் ஐகிராஃப் இருக்கின்றன.

ஆனால் மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஒரு தடவை கையால் செய்து பாருங்கள், அப்போதுதான் எண்கள் என்ன சொல்கின்றன என்று உறைக்கும். ஒரு கற்பனை உதாரணம்: ஒரு வழக்கில் க, ச, ட, த நான்கு பேரும் சேர்ந்து கைது. இன்னொரு வழக்கில் ம, ய, ர, வ நான்கு பேர். மூன்றாவது வழக்கில் க-வும் ப என்ற ஒருவனும். நான்காவதில் அதே ப-வும் ம-வும். மொத்தம் 9 ஆட்கள், 14 கோடுகள்.

முதல் அளவு, ஒருவனுக்கு எத்தனை கோடு என்பது. க-வுக்கும் ம-வுக்கும் நான்கு நான்கு, மற்றவர்களுக்கு மூன்று மூன்று, ப-வுக்கு வெறும் இரண்டு. இந்த அளவுப்படி வரிசைப்படுத்தினால் ப கடைசி ஆள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது அளவை 1977-ல் லிண்டன் ஃப்ரீமன் வகுத்தார்: மற்ற இருவருக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதையில் ஒருவன் எத்தனை தடவை குறுக்கே நிற்கிறான்? இடது கொத்தில் நான்கு பேர், வலது கொத்தில் நான்கு பேர். அந்த 16 ஜோடிகளில் யாரிடமிருந்து யாருக்குச் சேதி போக வேண்டுமானாலும் ப-வைத் தாண்டித்தான் போக வேண்டும். எனவே ப-வுக்கு 16. க-வுக்கும் ம-வுக்கும் 15. மற்றவர்களுக்குப் பூஜ்யம். கடைசியில் இருந்தவன் முதலுக்கு வந்துவிட்டான். (கெஃபியில் இந்த அளவு தனியாகத் தெரியாது, 'நெட்வொர்க் டயாமீட்டர்' என்பதை ஓட்டினால்தான் வரும். தெரியாதவர்கள் மெனு முழுக்கத் தேடுவார்கள்.)

ப யார்? சரக்கு மாற்றிவிடுபவனாக இருக்கலாம். இரண்டு கோஷ்டிக்கும் சண்டை வராமல் சமாதானம் பேசுபவனாகவும் இருக்கலாம். எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சமாதானம் பேசுபவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, அடுத்த வாரம் இரண்டு கோஷ்டியும் வெட்டிக்கொண்டால் அதற்குப் பொறுப்பு படம் வரைந்தவருக்கும் உண்டு.

"சரி, நடுவில் இருப்பவனைத் தூக்கிவிட்டால் வலை அறுந்துவிடும்தானே?" என்று எல்லாரும் கேட்பார்கள். மாண்ட்ரியல் கதை அதற்குப் பதில். 1994 முதல் 1996 வரை அங்கே போலீஸ் ஒரு கடத்தல் கும்பலைக் கண்காணித்தது, மொராக்கோவிலிருந்து ஹாஷிஷ், கொலம்பியாவிலிருந்து கொகெய்ன். வழக்கத்துக்கு மாறாக, ஆட்களைத் தொடாமல் சரக்கை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், மொத்தம் 11 தடவை. கைதுகள் எல்லாம் கடைசியில்தான். குற்றவியலாளர் கார்லோ மோர்செல்லி அந்தத் தரவில் இருந்த 110 பேரின் தொடர்புகளைக் காலகட்ட வாரியாக வரைந்தபோது, ஒவ்வொரு அடிக்கும் வலை தன்னை மாற்றிக்கொண்டது தெரிந்தது. ஆரம்பத்தில் எல்லாக் கோடும் ஓரிருவரை நோக்கி ஓடின, போகப்போக மையம் சிதறி, ஓரத்தில் இருந்தவர்கள் முக்கியமானவர்கள் ஆனார்கள். ஆகவே உங்கள் கையில் இருக்கும் படம் நேற்றைய படம், நீங்கள் ஏதாவது செய்ததுமே அது பழையதாகிவிடும்.

படி 6: அடிபட்டவனிலிருந்து எண்ணுங்கள்

என் கணக்கில் இந்த முறையின் உயிரே இந்தப் படிதான், ஆனால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தலைவன் யார் என்று தேடுவதை நிறுத்திவிட்டு, சுடப்பட்டவர்களையும் வெட்டுப்பட்டவர்களையும் படத்தில் சிவப்பாக்குங்கள். பிறகு ஒவ்வொரு சிவப்புப் புள்ளியிலிருந்தும் ஒரு கோடு தள்ளி யார், இரண்டு கோடு தள்ளி யார் என்று எண்ணுங்கள்.

ஆண்ட்ரூ பாப்பாக்ரிஸ்டோஸ் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைத்தான் செய்தார்கள். பாஸ்டனில் ஒரு சமூகத்தாரிடையே 763 பேர் கொண்ட ஒரே வலைக்குள் அங்கே நடந்த துப்பாக்கிக் காயங்களில் சுமார் 85 சதவீதம் அடங்கியிருந்தது. சுடப்பட்ட ஒருவரிடமிருந்து ஒவ்வொரு கோடு தள்ளிப் போகப் போக, சுடப்படும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. சிகாகோவில், உயிர் போகாத துப்பாக்கிக் காயங்களில் 70 சதவீதம், நகர மக்கள்தொகையில் 6 சதவீதத்துக்கும் குறைவான ஒரு வலைக்குள் நடந்தது.

2017-ல் வந்த இன்னொரு சிகாகோ ஆய்வு இதைத் தொற்றுநோய் மாதிரிப் பார்த்தது. சேர்ந்து கைதானவர்களின் வலையில் 1,38,163 பேர், 2006 முதல் 2014 வரை நடந்த 11,123 துப்பாக்கிக் காயங்கள். அதில் 63 சதவீதம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றியதாகக் கணக்கு வந்தது, சராசரியாக 125 நாள் இடைவெளியில். ஒருவன் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, அவனோடு கோட்டில் இணைந்திருக்கிற இன்னொருவனைக் காப்பாற்ற ஏறக்குறைய நான்கு மாத அவகாசம் சராசரியாக இருக்கிறது. அந்த அவகாசத்தில் யார் அவன் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறார்கள், என்ன சொல்லப்போகிறார்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

படி 7: தெரு தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்

கணினி வரைந்ததை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பாதீர்கள். களப்பணியாளர், ஏட்டு, பகுதியில் மதிப்புள்ள பெரியவர், போதகர், விளையாட்டுப் பயிற்சியாளர் ஆகியோருக்குத் தனிப்பட்ட விவரம் வெளியே போகாத அளவில் காட்டிக் கேளுங்கள். "இந்த இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதே இல்லை," "இவன் கல்யாணம் பண்ணிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆச்சு," "இந்தச் சண்டை அந்தக் கொலையால் வந்தது கிடையாது, அதற்கு முன்னால் ஒரு திருவிழாவில் வந்தது" என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் ஒரு கோட்டை அழிக்கும் அல்லது சேர்க்கும்.

படி 8: என்ன செய்யப்போகிறீர்கள்?

பாஸ்டனில் 1996-ல் கோஷ்டிக்காரர்களை நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள். போலீஸ், அரசு வழக்கறிஞர், நன்னடத்தை அதிகாரி, களப்பணியாளர், தேவாலயத்தார் எல்லாரும் ஒரே மேடையில். சேதி நேரடியானது: சாவு நிற்க வேண்டும். உங்களில் ஒருவன் சுட்டாலும் முழுக் கோஷ்டியின் மேலும் சட்டத்தின் கவனம் திரும்பும். விலக நினைப்பவனுக்கு வேலை, படிப்பு, உதவி இதோ இருக்கிறது. கோஷ்டிக்குள் சேதி பரவுவதற்கு அந்தக் கோடுகளையே பயன்படுத்தினார்கள், வந்தவன் போய் வராதவனிடம் சொல்வான் என்று. இளைஞர் கொலைகளின் மாத எண்ணிக்கை 63 சதவீதம் குறைந்தது. அந்தக் காலத்தில் மற்ற நகரங்களிலும் கொலை குறைந்துகொண்டுதான் இருந்தது, அதனால் எவ்வளவு பங்கு இந்த முயற்சிக்கு என்று விவாதம் உண்டு, ஆனால் மற்ற நகரங்களோடு ஒப்பிட்டபோதும் பாஸ்டனின் வீழ்ச்சி தனித்துத் தெரிந்தது. முழுக் கோஷ்டிக்கும் தண்டனை என்ற பகுதி எனக்கு உறுத்துகிறது, மற்றவன் செய்ததற்கு ஒருவன் ஏன் பதில் சொல்ல வேண்டும்? உதவிக் கையை எடுத்துவிட்டு மிரட்டலை மட்டும் நகல் எடுப்பவர்கள் பாஸ்டனைச் செய்வதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இனி சிகாகோ. அங்கே காவல்துறை ஒரு பட்டியல் செய்தது, 2013-ல் நடந்த முதல் சோதனையில் 426 பேர். கொலையில் சிக்கும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள் என்று, சேர்ந்து கைதான வலையை வைத்து ஒரு கணக்கு. நல்ல நோக்கம்தான். ஆனால் பட்டியலை வாங்கிய அதிகாரிகளுக்கு அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லப்படவில்லை. ராண்ட் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட முடிவு: பட்டியலில் இருந்தவர்கள் சுடப்படுவது குறையவே இல்லை, துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் அவர்கள் கைதாவதுதான் கூடியிருந்தது. காப்பாற்ற எழுதிய பட்டியல், யாரைப் பிடிக்கலாம் என்று பார்க்கும் பட்டியலாகிவிட்டது. பிறகு அது லட்சக்கணக்கான பெயர்களாக வீங்கி, தண்டனை பெறாமல் வெறும் கைதோடு முடிந்த வழக்குகளையும் கணக்கில் சேர்த்து, கடைசியில் 2019-ல் கைவிடப்பட்டது.

நம் காவல் நிலையங்களில் சரித்திரப் பதிவேடு (ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்கத் திறக்கும் 'ஹிஸ்டரி ஷீட்') ஆள் ஆளாகத் திறக்கப்படுவதை அறிந்தவர்களுக்கு இதில் உள்ள ஆபத்தைத் தனியாக விளக்க வேண்டாம். கோடுகளை ஆட்களின் மதிப்பெண்ணாக மாற்றிய அன்றே அது இன்னொரு பதிவேடு ஆகிவிடுகிறது.

ஆகவே படம் வரைவதற்கு முன்பே எழுதி வையுங்கள்: ஒரு பெயர் ஆபத்து வட்டத்துக்குள் வந்தால் முதலில் போவது யார், களப்பணியாளரா சீருடையா? போய் என்ன கொடுப்பார்? தங்க வேறு இடம், வேலை, சமாதானப் பேச்சு, கோர்ட்டு உதவி? கொடுக்க எதுவும் இல்லை என்றால் வரையவே வேண்டாம்.

படி 9: கணக்குப் பார்த்து, அழித்துவிடுங்கள்

வேலை பலித்ததா என்பதைக் கைதுகளின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள், அது நீங்களே கூட்டக்கூடிய எண். வெட்டுக்காயம், துப்பாக்கிக் காயம், சாவு ஆகியவற்றை எண்ணுங்கள், முடிந்தால் ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்து, இந்த முயற்சி நடக்காத அதே மாதிரியான இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டு. படத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக வரையுங்கள். விடுதலையானவரின் கோடு, தள்ளுபடியான வழக்கின் கோடு எல்லாம் அன்றே நீங்க வேண்டும், "இதில் என் பெயர் ஏன் இருக்கிறது" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். பெயருக்கும் எண்ணுக்குமான அந்தப் பூட்டிய பட்டியல் இருக்கிறதே, அதற்கு முதல் நாளே ஒரு அழிக்கும் தேதி குறித்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வையுங்கள். தேதி வந்ததும் அந்த இரண்டு பேரும் பக்கத்தில் இருக்க அதை அழியுங்கள்.